ஊசிமுனைப் பழுப்பு

நோயைப் பயிர் செய்கிற வேலையில் இருந்தேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், தாவரவியல் பட்டம் வாங்கிய கையோடு, ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் விதைப் பண்ணையில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. எந்த நெல் ரகம் குலைநோயைத் தாங்கும், எது தாங்காது என்று பார்க்கிற பண்ணை. தாங்குமா என்று பார்க்க நோய் வேண்டும். நோய் வேண்டுமென்றால் அதை வளர்க்க வேண்டும். வளர்த்த கைகளில் இரண்டு என்னுடையவை.

மேட்டுப் பாத்தி கட்டி, சோதிக்க வேண்டிய ரகங்களை முழ நீளத்துக்கு வரிசை வரிசையாக நெருக்கி விதைப்போம். சுற்றிலும் ஊடேயும் ஒரு பழைய ரகம், நோய் வந்தால் முதலில் விழுகிற ரகம். அதற்கு யூரியாவை அள்ளிப் போடுவோம். செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை மாதிரி தளதளவென்று நிற்கும். பிறகு போன பருவத்தின் நோய்கண்ட இலைகளைத் துண்டு துண்டாக நறுக்கி அதன்மேல் தூவுவோம். சாயங்காலம் பூவாளியால் தண்ணீர் தெளித்து, பாலித்தீன் தாளால் மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவோம். காலையில் தாளை விலக்கினால் உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஒரு மூச்சு வரும். முகத்தில் அது படுகிறபோது வாயை இறுக்க மூடிக்கொள்வேன். மனிதரை அது ஒன்றும் செய்யாதென்று தெரியும். தெரிந்தும் மூடிக்கொள்வேன்.

ஒரு வாரத்தில் பழைய ரகத்தின் இலைகளில் கண்கள் திறக்கும். இரண்டு முனையும் கூர்ந்து, நடுவே சாம்பல் பூத்து, ஓரத்தில் பழுப்புக் கோடு இழுத்த கண்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு வெந்நீர் கொட்டியதுபோல் இலையே சுருண்டுவிடும். அதற்கு நோட்டில் ஒன்பது என்று எழுதுவேன். எதுவுமே விழாத இலைக்குப் பூஜ்யம். ஊசியால் குத்தியதுபோல் பழுப்புப் புள்ளிகள் மட்டும் விழுந்து, அதற்குமேல் பெருக்காமல் நின்றுவிட்டால், ஒன்று. ஒன்று நல்ல எண். நோயோடு சண்டை போட்டு ஜெயித்த பயிரின் எண்.

அப்பாவும் அம்மாவும் மாஞ்சோலையில் எஸ்டேட் வேலையில் இருந்தார்கள். மலையிலிருந்து தினமும் இறங்கி வர முடியாது. அதனால் பண்ணைக்கு மூன்று மைல் தள்ளி, அக்கா வீட்டில் தங்கினேன். அக்கா புருஷனுக்கு, என் அத்தானுக்கு, சொந்த நிலம் கிடையாது. ஒன்றரை ஏக்கர் குத்தகை வயல். நிலத்துக்காரர் பாளையங்கோட்டையில் அரசாங்க அலுவலர். போன இரண்டு பருவமும் விளைச்சல் சுகமில்லை. இந்தப் பிசானப் பருவமும் இப்படியே போனால் வயலை அடுத்த வயல்காரர் கையில் கொடுத்துவிடுவதாக ஆடி மாதமே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வயல்காரர் அதை ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார். வயல் போனால் அத்தான், தான் உழுத அதே சேற்றில் இன்னொருவருக்குக் கூலிக்கு இறங்க வேண்டும்.

அந்தப் பிசானத்துக்கு அத்தான் தன் வழக்கமான நெல்லை விட்டுவிட்டுப் புது ரகம் விதைத்தார். விதைக்கச் சொன்னது நான். என் நோட்டில் விடாமல் 'ஒன்று' வாங்கிய ரகம். வேறு யார் பேச்சையும் கேட்காத மனிதர், படித்த பிள்ளை சொல்கிறதென்று கேட்டார்.

மார்கழி பிறந்து நான்கைந்து நாள் இருக்கும். புதன்கிழமை. மத்தியானம் வரை வெயிலே வரவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து வந்த பனி வயலை விட்டுப் போக மனமில்லாமல் படுத்துக் கிடந்தது. பண்ணையிலிருந்து திரும்பும்போது வழக்கம்போல் குறுக்கு வழி பிடித்தேன். ரோட்டிலிருந்து இறங்கி, அடுத்த வயல்காரர் வரப்பு, பிறகு அத்தான் வரப்பு, பிறகு தெரு. சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன். அத்தான் வயலுக்குள் வந்ததும் என் கால் நின்றுவிட்டது.

இலைகளில் புள்ளி. பழுப்புப் புள்ளி. ஊசிமுனை அளவு. ஒரு இலையில் பத்து, இன்னொன்றில் முப்பது. வரப்போரம் முழுக்க, நான் தினமும் நடந்துபோகிற ஓரம் முழுக்க.

பண்ணையில் நூறு தடவை பார்த்த புள்ளிதான். அங்கே பார்த்திருந்தால் பென்சிலை எடுத்து 'ஒன்று' என்று எழுதிவிட்டு அடுத்த வரிசைக்குப் போயிருப்பேன். இங்கே அப்படி நகர முடியவில்லை. ஏனென்றால் கண்ணாகத் திறக்கப்போகிற புள்ளியும் முதல் நாள் ஊசிமுனையாகத்தான் இருக்கும். ஜெயித்த புள்ளிக்கும் தோற்கப்போகிற புள்ளிக்கும் முதல் இரண்டு நாள் முகம் ஒன்றுதான். பெருக்கிறதா, நிற்கிறதா என்று காத்திருந்தால்தான் தெரியும்.

என் சேலை ஓரத்தைப் பார்த்தேன். ஈரம். பண்ணைப் பாத்திகளின் ஈரம். பண்ணை மைக்ராஸ்கோப்பில் அந்தப் பூசணத்தின் வித்தைப் பார்த்திருக்கிறேன். குட்டிப் பேரிக்காய் மாதிரி, கண்ணாடி போல, அத்தனை அழகாக இருக்கும். என் சேலையில் எத்தனை ஆயிரம் பேரிக்காய்? பாதத்தில்? சைக்கிள் டயரில்? பக்கத்து வாய்க்காலில் இறங்கி முழங்கால் வரை தேய்த்துக் கழுவினேன். கழுவி முடித்த பிறகுதான், அந்தத் தண்ணீர் எந்த மடை வழியாக எந்த வயலுக்குப் போகிறதென்று யோசனை வந்தது. அப்படியே தண்ணீருக்குள் நின்றேன்.

"ஏளா, என்ன தண்ணிக்குள்ள தவமா?"

அடுத்த வயல்காரர். தோளில் மண்வெட்டி. நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர்தான். கேலி மட்டும் அவர் வாயில் ஊறிக்கொண்டே இருக்கும்.

"ஒங்க அத்தான் வயலுக்கு அம்மை போட்டிருக்கு போலயே! வேப்பங்கொலை கட்டச் சொல்லு. மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொல்லு."

"சும்மா போங்க அண்ணாச்சி."

"எங்கன போறது? ஞாயித்துக்கிழம நெலத்துக்காரரு வாராருல்லா. இதப் பாத்தாருன்னா மயங்கி விழுந்துருவாரு. ஒரு சோடா வாங்கி வச்சுக்கச் சொல்லு ஒங்க அத்தான."

சிரித்துக்கொண்டே தன் வயலைக் கையால் காட்டினார். அவர் யூரியா வீசி ஒரு வாரம் ஆகியிருந்தது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. ஒரு புள்ளி இல்லை. பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. எனக்கு அந்தக் குளிர்ச்சி பிடரி வழியாக இறங்கியது. அந்தப் பச்சையை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று யோசிக்கத் தைரியம் வரவில்லை.

அவர் கேலியாகச் சொன்னதை அக்கா கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை காலையில் வயலின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு வேப்பங்குலை கட்டியிருந்தாள். வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்வார்களோ அத்தனையும் ஆரம்பித்தாள். அடுப்பில் தாளிதம் கிடையாது. கருவாட்டுப் பானையை மூடிப் பரணில் ஏற்றிவிட்டாள். வெறும் பருப்பும் மோரும்.

"ஏக்கா, நெல்லுக்கு அம்மை வருமா? நீ வீட்டுக்குள்ள கடுகு போட்டா அங்கன வயலுக்குத் தெரியவா போவுது?"

"எதுக்குட்டி சிரிக்கே? தெரியாதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

நான் சிரிக்கவில்லை. சிரிப்பதுபோல் முகத்தை வைத்திருந்தேன், அவ்வளவுதான். அவள் பயத்துக்காவது ஒரு முறை இருந்தது, வேப்பிலை, மஞ்சள், மோர் என்று. என் பயத்துக்குக் கையில் பிடிக்க எதுவுமில்லை.

அத்தான் யூரியா மூட்டையைத் தூக்கி நடுவீட்டில் வைத்தார்.

"பயிர் பசியில கெடக்கு. அதான் புள்ளி விழுது. இன்னைக்கு ரெண்டு மரக்கா வீசுனா ஞாயித்துக்கிழமக்குள்ள பச்ச புடிச்சிரும்."

"வேண்டாம் அத்தான். இந்தப் பனியில யூரியா போட்டா நோயிக்குச் சோறு போட்ட மாதிரி."

அவர் கை மூட்டைக் கயிற்றிலேயே நின்றது. "அப்ப நோயின்னுதான் சொல்லுதியா?"

அதுவரை அந்த வார்த்தையை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் இருந்தால் இல்லாமலே போய்விடும் என்பதுபோல் வைத்திருந்தேன்.

"நோயி வந்திருக்கு. ஆனா பயிர் அதத் தடுக்குதுன்னு நெனைக்கேன். நோட்டுல இந்த நெல்லு எப்பவும்…"

"ஒன் நோட்டுல உள்ள நெல்லு வேற, என் வயல்ல கெடக்க நெல்லு வேற, ஏளா."

"ஞாயித்துக்கிழம வர பொறுங்க அத்தான். புள்ளி பெருக்கலன்னா பயிர் ஜெயிச்சிட்டுன்னு அர்த்தம்."

"பெருத்துச்சுன்னா?"

அத்தான் மூட்டையைப் பிரிக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் என்னை நம்பியது அதட்டியதைவிட மோசமாக இருந்தது.

ஏழு இலைகளைத் தேர்ந்து ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புத் தையல் நூல் கட்டினேன். காலையில் பண்ணைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, இலையை உள்ளங்கையில் ஏந்தி, ஒரு குண்டூசியின் தலையைப் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். குண்டூசித் தலைக்குள் அடங்குகிறதா? அடங்கியது. வெள்ளிக்கிழமையும் அடங்கியது. சாயங்காலம் ஒன்று கொஞ்சம் நீண்டதுபோல் இருந்தது. பனித்துளியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் இல்லை. வழியெல்லாம் மற்றவர்கள் வயல்களிலும் குனிந்து குனிந்து பார்த்தேன். மாமர இலையில் கரும்புள்ளி, வாழை இலையில் மஞ்சள் கோடு, தெருமுனைப் பூவரசில் துரு. இத்தனை நாளும் பச்சை என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு வைத்திருந்த உலகத்தில் புள்ளி இல்லாத இலையே கிடையாது என்று அந்த வாரம்தான் கண்டேன்.

அந்தப் புள்ளிக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அப்போது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மீதியைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். படிக்கப் படிக்க அந்த வாரத்தின் பயம் குறையவில்லை, கூடியது.

வித்து வந்து இலையில் விழும். விழுந்ததும் தன் பசையால் ஒட்டிக்கொள்ளும். பனி இருந்தால் சில மணி நேரத்தில் முளைக்கும். முளையின் நுனி ஒரு குமிழாக உருண்டு, உள்ளே தண்ணீரை இழுத்து இழுத்து ஊதும். லாரி டயருக்குள் அடைத்த காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம், கண்ணுக்குத் தெரியாத அந்தக் குமிழுக்குள். அந்த அழுத்தத்தில் அடியிலிருந்து ஓர் ஆணி இறங்கி இலையின் தோலைத் துளைக்கும்.

இலைக்கு ஓடத் தெரியாது. நமக்கு இருப்பதுபோல் ரத்தத்தில் ஓடிவருகிற காவலாட்களும் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தானே தன் வாசலில் நிற்க வேண்டும். பூசணத்தின் உடம்புச் சுவர், நண்டின் ஓடும் வண்டின் ஓடும் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனது. அதில் ஒரு துணுக்கு பட்டால் போதும், செல்லின் வெளித்தோலில் இருக்கும் ஏதோ ஒன்று அதைத் தொட்டு, இது நான் இல்லை என்று உணர்ந்துகொள்ளும். அது முதல் காவல். உடனே உள்பக்கமிருந்து சுவரைத் தடிக்கவைக்கும். ஆஸ்பத்திரியில் புண்ணில் ஊற்றினால் நுரைக்கிறதே, அதே திராவகத்தைத் தானே சுரந்து வந்தவன்மேல் விடும். நோயும் லேசுப்பட்டதல்ல. தன் பங்குக்கு உள்ளே ஏதேதோ அனுப்பி அந்தக் காவலை மயக்கப் பார்க்கும். மயங்குகிற ரகம் மயங்கிவிடும். சில ரகங்களில் இரண்டாவது காவல் இருக்கும், மயக்க வந்ததையே அடையாளம் காண்கிற காவல். கண்டுகொண்டால் அந்தச் செல் ஒன்றுதான் செய்யும். சாகும். சுற்றி இருக்கும் சில செல்களும் சேர்ந்து சாகும். உயிருள்ள இலையைத் தின்னத்தான் பூசணம் வந்தது, ஆரம்பத்தில் அதற்கு உயிருள்ளதுதான் வேண்டும். கிடைப்பதோ ஒரு பிணம், அதைச் சுற்றிப் பூட்டிய சுவர். அங்கேயே அதுவும் முடிந்துபோகும்.

ஊசிமுனைப் பழுப்பு அதுதான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாவு. அத்தான் வயலில் ஒரு இலைக்கு முப்பது.

அதற்குப் பிழையும் வருமாம். யாருமே வராதபோது வந்துவிட்டதாக நினைத்து, காரணமே இல்லாமல் தன்னைத்தானே கொன்றுகொண்டு புள்ளி புள்ளியாகிற செடிகள் உண்டு. அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்துகொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏழு நூல், ஏழு இலை, எல்லாம் குண்டூசித் தலைக்குள். ஜெயித்துவிட்டது என்று அத்தானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத எப்படிளா அவருகிட்டச் சொல்ல?" என்றார். நியாயமான கேள்வி. ஜெயித்த பயிர் பார்க்க அம்மை வார்த்த முகம் மாதிரிதான் இருந்தது.

பத்து மணிக்கு நிலத்துக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. வரப்பில் நான்கு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார்.

"என்ன வே இது, சொறி புடிச்ச மாதிரி?"

அடுத்த வயல்காரர் சரியாக அந்த நேரத்துக்குத் தன் வரப்பில் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல். பேச வேண்டிய தேவை இல்லை. அவருக்காக அவர் வயல் பேசியது.

"பாரும், பக்கத்துல எப்படிக் கெடக்குன்னு. அதே தண்ணிதான? அதே மண்ணுதான?" என்றார் நிலத்துக்காரர்.

நான் இரண்டு வயலுக்கும் நடுவரப்பில் நின்றிருந்தேன். பேச்சு கேட்கப் பொறுக்காமல் குனிந்தேன். குனிந்த இடத்தில் அந்தப் பச்சை. கை தானாகவே போய் விலக்கியது. மேல் இலைகள் சுத்தம். அடியில் ஈரம் சொட்டுகிற இருட்டில், கீழ் இலைகளில், கண்கள் திறந்திருந்தன. இரண்டு முனையும் கூர்ந்து, நடுவே சாம்பல் பூத்து. சுண்டுவிரல் நகம் அளவுக்கு. இன்னும் கொஞ்சம் விலக்கினேன், அங்கேயும். எல்லாம் என்னையே பார்த்தன.

அந்தப் பச்சையை எங்கே பார்த்திருக்கிறேன் என்று இப்போது மறைக்க முடியவில்லை. பண்ணையில் நாங்கள் விழுவதற்காகவே ஊட்டி வளர்க்கிற ரகத்தின் பச்சை.

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதை மறைத்து எழுத மாட்டேன். பத்து நாளில் அந்த வயல் தானே கருகும், அத்தான் வயல் நிற்கும், நிலத்துக்காரர் தானே தெரிந்துகொள்வார். பேசினால், எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கேட்டால், அந்த வரப்பில் தினமும் யார் நடக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஆனால் பத்து நாளில் அது அடி இலையை விட்டு மேலே ஏறிவிடும். இன்றைக்கு மருந்தடித்தால் பாதியாவது மிஞ்சும்.

"அண்ணாச்சி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அண்ணாச்சி, ஒங்க வயல்ல குலைநோய் விழுந்திருக்கு."

"என்னது?"

அத்தான் வயலில் ஒரு இலை, அவர் வயலில் ஒரு இலை, இரண்டையும் கிள்ளி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். நிலத்துக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இது பயிர் தானே பொசுக்கிக்கொண்டது, இது நோய் தின்றுகொண்டிருப்பது என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவர் தானே வரப்பில் குந்தி, அந்தப் பச்சையைக் குடை நுனியால் விலக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த வயல்காரர் முகத்தில் கேலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஏளா, நீ அந்தப் பண்ணையில இந்தச் சீக்கத்தான வளக்கே?"

"ஆமா அண்ணாச்சி."

"அங்கன மிதிச்ச காலோட தெனம் என் வரப்புலதான வாரே?"

"ஆமா."

"அப்ப நீதான் கொண்டாந்து போட்டுருக்கே."

"வே, சும்மா இரும்," என்றார் அத்தான். "காத்துல வாரதுக்கு அவ என்ன செய்வா? பனியில எல்லா வருசமும்தான் வருது."

அதுவும் உண்மைதான். மார்கழிக் காற்றில் அந்த வித்து இல்லாத இடமே பள்ளத்தாக்கில் கிடையாது. அத்தான் எனக்காக அதைச் சொல்கிறபோது நானும் அதையே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

"நானாவும் இருக்கலாம் அண்ணாச்சி," என்றேன். "யாருன்னு அப்புறம் பாப்போம். இன்னைக்கே மருந்தடிங்க. இனிமே யூரியா போடாதீங்க."

அவர் என்னை வைதிருந்தால் தாங்கியிருப்பேன். பேசாமல் வயலுக்குள் இறங்கி, ஒவ்வொரு குத்தாக விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார். தூரத்தில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

நிலத்துக்காரர் கிளம்பும்போது அத்தானிடம், "அறுப்பு வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன் வே. வெளஞ்சா வயல் உம்மட்டயே இருக்கட்டும்," என்றார். விளைந்தது. வயல் அத்தானிடமே இருந்தது. அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வேப்பங்குலைகளை அவிழ்த்து ஆற்றில் விட்டுவிட்டு வந்தாள். ஜெயித்தது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அடுத்த வயல்காரர் அன்றைக்கே மருந்தடித்தார். ஆனாலும் தை முடிவில் கதிர் வந்தபோது வயலில் மூன்றில் ஒரு பங்கு கழுத்தில் கருகி, வெளுத்த பதராக நிமிர்ந்து நின்றது. கனத்துக் குனிய அதில் மணி இல்லை.

ஆனால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கள்கிழமை காலை. பண்ணைக்குக் கிளம்பி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடுவரப்புக்கு வந்தேன். அடுத்த வயல்காரர் வரப்பு தொடங்குகிற இடத்தில் உடைமரத்து முள் வெட்டிப் போட்டிருந்தது. பச்சை முள், அப்போதுதான் வெட்டியது. வெட்டுவாயில் இன்னும் ஈரம். இடுப்பு உயரம். ஆடு மாடு வராமல் போடுகிற முள் இல்லை, அந்தப் பக்கம் ஆடு மாடு வராது.

உள்ளே அவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றினார்.

"ரோட்டு வழியாப் போளா," என்றார். கோபமில்லை. கெஞ்சல்கூடக் கொஞ்சம் இருந்தது. "பைய போ. வழுக்கும்."

வித்து காற்றில் வரும், முள் அதைத் தடுக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் என்னைச் சரியாகக் கண்டுகொண்டாரா, தப்பாகவா என்று எனக்கே தெரியாதபோது எதைச் சொல்வது? சைக்கிளை அந்த ஒடுங்கிய வரப்பில் திருப்ப இடமில்லை. பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு நடந்தேன், ஒவ்வொரு அடியையும் எங்கே வைக்கிறேன் என்று பார்த்துப் பார்த்து.